பாலோ ஆல்டோ ஏன் பிளாட்பார்முக்கு மாறியது, நாமும் மாறலாமா?

கேள்வி இதுதான்: "எங்கள் கம்பெனியில் பயர்வால் ஒரு நிறுவனத்துடையது, லேப்டாப்களில் ஓடும் ஏஜென்ட் இன்னொருவருடையது, லாக் திரட்டும் மென்பொருள் மூன்றாவது ஒருவருடையது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ஒரே பிளாட்பார்முக்குப் போகலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது. மற்ற கான்ட்ராக்ட்கள் முடியும்வரை இலவசம் என்றும் சொல்கிறார்களாம். ஒரு பயர்வால் கம்பெனி ஏன் இப்படி மாறியது? மாறுவது நல்லதா? எஸ்ஓசியில் (தாக்குதல்களை இரவுபகலாகக் கண்காணிக்கும் மையத்தில்) ஷிப்ட் பார்க்கும் என் போன்றவர்கள் இனி என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?"

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். லாக், அலர்ட், விசாரணை இந்த மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே பில்லில் வந்துவிட்டதால் மட்டும் பத்துப் பொருள்கள் ஒன்றாகிவிடாது. விற்பவர்களின் பிரசன்டேஷனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதைப் பிரித்துப் பார்க்க இந்த நிறுவனத்தின் கதை தெரிந்திருப்பது உதவும், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

பாலோ ஆல்டோவை 2005-இல் தொடங்கியவர் நிர் ஜுக். இஸ்ரேலின் செக் பாயின்ட் நிறுவனத்தில் பயர்வால் எழுதிப் பழகியவர். அப்புறம் ஒன்செக்யூர், அதை வாங்கிய நெட்ஸ்கிரீன், நெட்ஸ்கிரீனை 2004-இல் வாங்கிய ஜூனிப்பர் என்று போய், அங்கிருந்து வெளியேறி இதைத் தொடங்கினார். (அந்த நெட்ஸ்கிரீனைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் ஷீ என்பவர்தான் பிறகு ஃபோர்ட்டிநெட்டைத் தொடங்கினார். இன்று எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய நிறுவனங்களின் வேர் ஏறக்குறைய ஒரே மண்ணில் இருக்கிறது.)

அன்றைய பயர்வால் போர்ட் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும். 80-ம் 443-ம் இணையத்துக்கு, அதனால் திறந்து விடு; 23 டெல்நெட்டுக்கு, அதை மூடு. 2000-களின் நடுவில் ஸ்கைப், டோரன்ட், வெப்மெயில் எல்லாமே திறந்திருக்கும் அந்த இரண்டு வழிகளிலேயே போகப் பழகிவிட்டன. பயர்வாலால் எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சரிசெய்ய அதன் பின்னால் ஊடுருவல் தடுக்கும் பெட்டி ஒன்று, இணையதளங்களை வடிகட்டும் பெட்டி ஒன்று, வைரஸ் பார்க்கும் பெட்டி ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றும் ஒரே பாக்கெட்டைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும். ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது.

ஜுக் 2007-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பெட்டி பாக்கெட்டை ஒரே தடவை பிரித்தது. இது எந்தச் செயலி, அனுப்புவது எந்தப் பயனர், உள்ளே கெட்டது ஏதாவது இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் அந்த ஒரே கடப்பில் விடை தேடியது. போர்ட் எண்ணுக்குப் பதில் செயலியின் பெயரைச் சொல்லி விதி எழுத முடிந்தது. இந்த நிறுவனம் பிறந்ததே ஓர் ஒருங்கிணைப்பு யோசனையோடுதான். அதனால் பிளாட்பார்ம் என்ற பேச்சை 2024-இல் திடீரென்று கிளம்பிய மார்க்கெட்டிங் வார்த்தை என்று நான் ஒதுக்க மாட்டேன். அன்று ஒரு பெட்டிக்குள் செய்ததை இப்போது ஒரு நிறுவனத்தின் மொத்தப் பாதுகாப்புக்கும் செய்யப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு பெரிய வித்தியாசம். அந்தப் பெட்டியை முதல் வரியிலிருந்து அவர்களே எழுதினார்கள். இன்றைய பிளாட்பார்மின் பெரும்பகுதி வெளியே வாங்கியது.

அந்த வாங்கல் வேகமெடுத்தது 2018-க்குப் பிறகு. அந்த ஜூனில் நிகேஷ் அரோரா தலைமைக்கு வந்தார். காசியாபாத்தில் பிறந்து, வாரணாசி ஐஐடியில் படித்து, கூகுளிலும் சாஃப்ட்பேங்கிலும் இருந்தவர். சைபர் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தவர் இல்லை. நிறுவனத்தின் அந்த ஆண்டு வருமானம் சுமார் 230 கோடி டாலர். அதைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு பயர்வாலுக்கு. ஆனால் வாடிக்கையாளர்களின் சர்வர்கள் கிளவுட் சேவைகளான ஏடபிள்யூஎஸ்ஸுக்கும் அஸூருக்கும் போய்க்கொண்டிருந்தன, ஊழியர்கள் வீட்டிலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் வேலை செய்யத் தொடங்கியிருந்தார்கள். அலுவலக வாசலில் வைக்கும் பெட்டி, அந்த வாசல் வழியாகப் போகாத போக்குவரத்தை எப்படிப் பார்க்கும்?

இதையெல்லாம் உள்ளேயே எழுதி முடிக்க நேரமில்லை என்று முடிவெடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். கிளவுட் அமைப்புகளைச் சரிபார்க்க ரெட்லாக், செயலிகளைப் பொதிந்து ஓட்டும் கன்டெய்னர்களுக்கு ட்விஸ்ட்லாக், அலர்ட் வந்ததும் செய்யும் வேலைகளைத் தானியங்கியாக்க 56 கோடி டாலருக்கு டெமிஸ்டோ, கிளைகளை இணைக்க கிளவுட்ஜெனிக்ஸ், இணையத்தில் திறந்துகிடக்கும் சொத்துகளைத் தேட சுமார் 80 கோடி டாலருக்கு எக்ஸ்பான்ஸ், நிரல் எழுதும்போதே பிழை பிடிக்க பிரிட்ஜ்க்ரூ. 2018-க்கும் 2021-க்கும் இடையே நடந்தவற்றில் சில மட்டும் இவை. எல்லாவற்றையும் மூன்று குடும்பப் பெயர்களின் கீழ் கொண்டுவந்தார்கள்: நெட்வொர்க்குக்கு ஸ்ட்ராட்டா, கிளவுட்டுக்குப் பிரிஸ்மா, எஸ்ஓசிக்குக் கார்டெக்ஸ்.

பெயர் வைப்பது ஒரு நாள் வேலை, இணைப்பது பல ஆண்டு வேலை. பிரிஸ்மா கிளவுடைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் கம்ப்யூட் என்று ஒரு பகுதி இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே வருவது பழைய ட்விஸ்ட்லாக்கின் திரை. கிளவுட் அமைப்பைச் சரிபார்க்கும் பகுதிக்கு ஓர் ஏபிஐ (வெளி நிரல்கள் அதனோடு பேசும் வழி), கம்ப்யூட்டுக்கு வேறொரு ஏபிஐ. ஸ்கிரிப்ட் எழுதுபவர் இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். உள்நுழைவு ஒன்று, மேலே லோகோ ஒன்று, உள்ளே இரண்டு பொருள். 2025 பிப்ரவரியில் கிளவுட் பாதுகாப்பைக் கார்டெக்ஸின் அடித்தளத்தின் மேல் மாற்றிக் கட்டி, கார்டெக்ஸ் கிளவுட் என்று அறிவித்தார்கள். ரெட்லாக்கை வாங்கியது 2018-இல். எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பாருங்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பெரிய மென்பொருள்களை ஒட்டவைப்பது உண்மையிலேயே அவ்வளவு கஷ்டம். ஆனால் நாளைக்கு உங்களிடம் "இதையும் வாங்கிவிட்டோம், சீக்கிரம் இணைத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால், அந்த 'சீக்கிரம்' எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட இது ஓர் அளவுகோல்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இணைக்க வேண்டும்? நீங்கள் எஸ்ஓசியில் இருப்பதால் இதைச் சொன்னதும் புரியும். இரவு 2 மணிக்கு ஓர் அலர்ட்: கணக்குப் பிரிவின் லேப்டாப் ஒன்றில் வேர்டு கோப்பிலிருந்து விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் கிளம்பியிருக்கிறது. இடிஆர் (லேப்டாப்களில் ஓடும் அந்த ஏஜென்ட்) திரையில் கணினியின் பெயர் இருக்கிறது. அது வெளியே எங்காவது பேசியதா என்று பார்க்க பயர்வால் லாகுக்குப் போகிறீர்கள், அங்கே கணினிப் பெயர் கிடையாது, ஐபி முகவரிதான். அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று அறிய, கணினிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபியின் லாக் வேண்டும். அதை நெட்வொர்க் டீம் வைத்திருக்கிறது, அவர்கள் காலையில்தான் வருவார்கள். பயனர் யார் என்று, கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் தேடினால் நேரம் ஒத்துவரவில்லை. ஒரு லாக் யுடிசியில் இருக்கிறது, இன்னொன்று நம் நேரத்தில் இருக்கிறது, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துத்தான் பொருத்த வேண்டும். கடைசியில் அந்தக் கோப்பு எந்த மெயிலில் வந்தது, வேறு யாருக்கெல்லாம் போனது என்று பார்க்க இன்னொரு திரை. இத்தனையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதற்குள், தாக்குபவருக்கு அடுத்த சர்வருக்குத் தாவ நேரம் கிடைத்துவிடுகிறது.

ஒழுங்காக இணைக்கப்பட்ட பிளாட்பார்மில் இந்தப் பொருத்தும் வேலை லாக் உள்ளே வரும்போதே நடந்துவிடும். ஏஜென்ட் சொல்லும் பிராசஸும், பயர்வால் சொல்லும் இணைப்பும், இரு பக்க ஐபி, இரு பக்க போர்ட், நெறிமுறை, நேரம் ஆகியவற்றை வைத்து ஒரே நிகழ்வாகத் தைக்கப்படும். உங்கள் முன்னால் ஐந்து அலர்ட் வராது, ஒரு கதை வரும்: இந்த மெயில், இந்தக் கோப்பு, இந்தப் பயனர், இந்த முகவரியோடு பேச்சு. 2022-இல் வந்த, பாலோ ஆல்டோவின் எஸ்ஓசி பிளாட்பார்மான எக்ஸ்சியாம் இதைத்தான் செய்ய முயல்கிறது. பிளாட்பார்மின் உண்மையான மதிப்பு இந்தத் தையலில்தான் இருக்கிறது. உங்களுக்குக் காட்டப்படும் பொருளில் இது நடக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பது அப்புறம்.

ஐபிஎம் நிறுவனமும் பாலோ ஆல்டோவும் சேர்ந்து 2025 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சராசரியாக ஒரு நிறுவனத்தில் 29 வெண்டர்களின் 83 பாதுகாப்புக் கருவிகள் இருப்பதாகச் சொல்கிறது. பிளாட்பார்ம் விற்பவர்களே வெளியிட்ட எண் என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் ஒரு நடுத்தர வங்கியின் கருவிப் பட்டியலைப் பார்த்தவர் எவரும் இதைக் கேட்டு மலைக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 'இலவசம்'. 2024 பிப்ரவரி 20 அன்று காலாண்டுக் கணக்கோடு சேர்த்து அரோரா இந்த வழியை அறிவித்தார். அவர் சொன்ன சிக்கல் நிஜமானது. ஒரு வாடிக்கையாளரிடம் மூன்று வெண்டர்களின் கான்ட்ராக்ட் இருந்தால் மூன்றும் ஒரே நாளில் முடியாது. ஒன்று இந்த மார்ச்சில் முடியும், இன்னொன்று அடுத்த டிசம்பரில். ஏற்கெனவே பணம் கட்டிய பொருளைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே வேலைக்கு இரண்டாம் தடவை பணம் கட்ட எந்த நிதி அதிகாரியும் சம்மதிக்க மாட்டார். அதனால், பழைய கான்ட்ராக்ட் முடியும்வரை எங்கள் பொருளைக் காசில்லாமல் ஓட்டுங்கள், முடிந்தபின் எங்களுக்குக் கட்டுங்கள் என்றார்கள். இதனால் உடனடி வரவு குறையும். அந்த ஆண்டுக்கான பில்லிங் (வாடிக்கையாளர்களுக்குப் போடும் பில்களின் மொத்தம்) எதிர்பார்ப்பை 1,070–1,080 கோடி டாலரிலிருந்து 1,010–1,020 கோடிக்கு இறக்கினார்கள். மறுநாள் பங்கு விலை ஏறக்குறைய 28 சதவீதம் சரிந்தது. அதுவரை அந்த நிறுவனத்துக்கு ஒரே நாளில் அப்படி ஓர் இறக்கம் வந்ததில்லை.

அரோரா அதற்குப் பின்வாங்கவில்லை. 2030 நிதியாண்டுக்குள் புதிய தலைமுறைப் பொருள்களின் ஆண்டுச் சந்தா வருமானத்தை 1,500 கோடி டாலராக்குவது என்ற இலக்கை வைத்தார். பங்கு அதே ஆண்டு முடிவதற்குள் விழுந்ததை மீட்டுவிட்டது. 2025 நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 920 கோடி, அந்தச் சந்தா வருமானம் சுமார் 560 கோடி. பெட்டி விற்பனை ஏறும் இறங்கும். சந்தா ஆண்டுதோறும் தானாக வரும். இந்த மாற்றத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருப்பதுபோல இந்த வருமானக் காரணமும் அதே அளவுக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் இரண்டையும் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் அந்தக் காலத்தில் உங்கள் டீம் புதிய திரைக்குப் பழகும், விதிகள் அங்கே எழுதப்படும், பழையதை ஓட்டத் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ரினியூவல் வரும்போது பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இலவசக் காலத்துக்குப் பிந்தைய விலையை, குறைந்தது அடுத்த மூன்று ஆண்டுக்கு, கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இதே 2024-இல் நடந்த இன்னொன்றும் உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். லாக் திரட்டி அலர்ட் எழுப்பும் ஐபிஎம்மின் கியூரேடார் நம் ஊர் எஸ்ஓசிகளில் பலருக்கும் பழகிய பெயர். 2011-இல் கியூ1 லேப்ஸை வாங்கியதன் மூலம் ஐபிஎம்முக்கு வந்தது. அதன் கிளவுட் பதிப்பின் சொத்துகளை 50 கோடி டாலருக்குப் பாலோ ஆல்டோ வாங்குவதாக மே மாதம் அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளர்களை எக்ஸ்சியாமுக்கு மாற்றுவதுதான் திட்டம். தங்கள் சொந்த சர்வரில் ஓட்டுபவர்களுக்கு ஐபிஎம்மின் ஆதரவு தொடரும் என்றார்கள். ஆனால் கியூரேடார் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பல ஆண்டு உட்கார்ந்து விதி எழுதியவர்கள், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு பொருளை நோக்கி நகர்த்தப்பட்டார்கள். இது பாலோ ஆல்டோவுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. சிஸ்கோ 2,800 கோடி டாலருக்கு, லாக் தேடும் மென்பொருளான ஸ்பிளங்கை வாங்கி முடித்ததும் அதே ஆண்டில்தான். பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும்போது நீங்கள் எந்தப் பொருளை வைத்திருந்தாலும் அது கைமாறலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சின்ன விஷயமில்லை. எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்தால் அவரிடம் ஒரு பிழை வந்தால் எல்லாமே போகும். 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோவின் பயர்வாலிலேயே, வெளியூரிலிருந்து ஊழியர்கள் உள்ளே வரும் குளோபல்புரொடெக்ட் பகுதியில், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகுந்து ரூட் (முழு) அதிகாரத்தோடு கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை வெளியானது. தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண். அது தெரியவருவதற்கு முன்பே தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலை 19 யாருக்கும் மறக்காது. இடிஆர் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்ய ஒவ்வொரு கணினியையும் சேஃப் மோடில் திறந்து ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு பிட்லாக்கர் சாவி வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் அதே ஏஜென்ட்டால் விழுந்துகிடந்தால்? சில இடங்களில் நடந்தது அதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. கண்டுபிடிக்கும் வேலை ஒரு பிளாட்பார்மில் சேரட்டும், மீண்டு எழும் வேலை அதற்கு வெளியே இருக்கட்டும். பேக்கப், பிட்லாக்கர் சாவி, அவசரத்துக்கு வைத்திருக்கும் நிர்வாகி கணக்குகள், பிளாட்பார்ம் விழுந்தால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல், இவை அந்த வெண்டரின் ஏஜென்ட்டையோ உள்நுழைவையோ நம்பி இருக்கக் கூடாது. 2025 ஜூலை 30 அன்று சுமார் 2,500 கோடி டாலருக்கு சைபர்ஆர்க்கை வாங்கப்போவதாகப் பாலோ ஆல்டோ அறிவித்தபோது எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான். சைபர்ஆர்க் பாதுகாப்பது நிர்வாகிகளின் பாஸ்வேர்டுகளையும் அதிகாரங்களையும். திருடப்பட்ட கணக்கை வைத்து உள்ளே வருவது இன்றைய தாக்குதல்கள் பலவற்றில் நடக்கிறது, அதனால் அந்தத் தகவல் எஸ்ஓசி திரையில் சேர்வது கண்டுபிடிக்க மிகவும் உதவும். அதே நேரம் வாசல், காவல், சாவிக்கொத்து மூன்றும் ஒருவர் கைக்குப் போகிறது. இதை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுத்தால் அவசரச் சாவி ஒன்றைத் தனியே வையுங்கள்.

உங்கள் நிர்வாகம் வெண்டரோடு உட்காரும்போது கேட்க வேண்டியவை என்று பார்த்தால், டெமோவை அவர்களின் டேட்டாவில் பார்க்காதீர்கள். உங்கள் கம்பெனியில் போன ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அதன் லாக்களைக் கொடுத்து, இது எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பாலோ ஆல்டோவின் சொந்தக் கருவிகளின் லாக் அழகாகத் தைக்கப்படும், அது எதிர்பார்ப்பதுதான். உங்கள் மெயில், உங்கள் பழைய சுவிட்ச், உங்கள் கோர் பேங்கிங் மென்பொருள் இவற்றின் லாகும் அதே கதைக்குள் வருகிறதா, அல்லது ஓர் ஓரமாகக் குவிந்து கிடக்கிறதா? அங்கேதான் சாயம் வெளுக்கும்.

அப்புறம் லாக் சேமிப்பு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவின்படி 180 நாள் லாக் கைவசம் இருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பிளாட்பார்மின் அடிப்படை விலையில் எத்தனை நாள் லாக் தேடக்கூடிய நிலையில் இருக்கும் என்று கேளுங்கள். அளவுக்கு ஏற்ற விலை என்பதால் டிஎன்எஸ் லாக் வேண்டாம், அது நிறைய வருகிறது என்று வெட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. விசாரணையின்போது முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த லாக்தான். விலகும்போது லாக்களையும் நீங்கள் எழுதிய விதிகளையும் எந்த வடிவத்தில் தருவார்கள், எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்பதும் கான்ட்ராக்டில் வர வேண்டும்.

கடைசியாக உங்கள் வேலை. அலர்ட்டை மூடி டிக்கெட் போடும் முதல் நிலை வேலை குறையும், அதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நல்லதில்லை. எக்ஸ்சியாம் போன்றவை விற்கப்படுவதே அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுப்பதற்காகத்தான். ஆனால் அந்தத் தையல் தப்பாகப் போகும் இடங்கள் உண்டு. விபிஎன்னில் ஒரே ஐபி பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்குப் போயிருக்கும், பிளாட்பார்ம் தவறான ஆளைக் காட்டும். அதைப் பிடிக்க டிஎச்சிபி எப்படி ஐபி கொடுக்கிறது, உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் டிக்கெட் எப்படி நகர்கிறது, மறைகுறியாக்கிய ஒரு டிஎல்எஸ் இணைப்பில் எது வெளியே தெரியும் எது தெரியாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இவை எந்த வெண்டர் வந்தாலும் மாறாதவை, அதனால் உங்கள் படிப்பு நேரத்தில் பெரும்பங்கை இங்கே போடுங்கள். எக்ஸ்சியாமின் எக்ஸ்கியூஎல் தேடல் மொழியையும் படியுங்கள். ஸ்பிளங்கின் எஸ்பிஎல்லோ மைக்ரோசாஃப்ட்டின் கேகியூஎல்லோ தெரிந்தவருக்கு அது கை வருவதற்கு அதிக நாள் ஆகாது. கண்டறியும் விதிகளை முடிந்தவரை, எந்த வெண்டரையும் சாராத சிக்மா வடிவத்திலும் எழுதி, உங்கள் டீமின் கிட் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் கைமாறினாலும் அந்த விதிகளைப் புதிய இடத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம்.